அம்மம்மா என்ன நோயில் இறந்தார்?

1895ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஆன் ஆர்பர் என்ற நகரில் தையல் வேலை செய்து வாழ்ந்த போலின் குரொஸ் என்ற பெண், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நோயியல் கற்பித்த வைத்தியர் அல்ட்ரெட் வோர்தினிடம் ஒரு விடயத்தைச் சொன்னார். அப்போது அவருக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனாலும் தான் அதிக காலம் வாழப்போவதில்லை, புற்றுநோய்தான் தன்னைக் கொண்டுபோகும் என்றார். காரணம் கேட்டபோது, தன் குடும்பத்தவர்கள் குடலிலோ இரைப்பையிலோ கருப்பையிலோ புற்று வந்துதான் இறக்கிறார்கள் என்று பதில் சொன்னார்.

ஒரு தையற்காரப் பெண்ணின் இந்தப் பேச்சை வைத்தியர் ஒருவர் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டிருந்தால் அந்தக் காலத்தில் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வோர்தின் அதைக் கேட்டார். போலினின் உதவியுடன், ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறிய அந்தக் குடும்பத்தில் யார் யார் எந்த வயதில், எந்த நோயில் இறந்தார்கள் என்ற விபரங்களைத் திரட்டி, 1913இல் வைத்திய சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார். பெயரை மறைத்து 'ஜீ குடும்பம்' என்று எழுதினார். போலின் தான் சொன்னபடியே இளவயதில் கருப்பைப் புற்றுநோயால் இறந்தார்.

அதன் பின்னர் அரை நூற்றாண்டு காலம் இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 1960களில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் ஹென்றி லிஞ்ச் என்ற இளம் வைத்தியரிடம், குடிப்பழக்கத்துக்கு ஆளாகி வைத்தியசாலைக்கு வந்த ஒருவர் ஏறத்தாழ அதே வார்த்தைகளைச் சொன்னார். "என் குடும்பத்தில் எல்லோரும் புற்றுநோயில்தான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் சாகப்போகிறேன், அதனால்தான் குடிக்கிறேன்" என்பதே அவர் சொன்னதன் சாரம். லிஞ்ச் அவருடைய குடும்பத்தைத் தேடிப் போனார். ஆன் குரஷ் என்ற சமூக சேவையாளரும் அவருடன் சேர்ந்து உழைத்தார். புற்றுநோய் சூழலால்தான் வருகிறது, பரம்பரையால் வருவதில்லை என்று பெரியவர்கள் பலர் நம்பிய காலம் அது. லிஞ்சின் ஆய்வுக்குப் பணம் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. 1966இல் அவர் இரு குடும்பங்களின் விபரத்தை வெளியிட்டார். 1971இல் வோர்தினின் பழைய 'ஜீ குடும்பத்தையும்' மீண்டும் தேடிப்பிடித்து எழுதினார். இன்று அந்த நோய்நிலை லிஞ்ச் கூட்டறிகுறி என்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. போலின் குடும்பத்தின் பழுது எந்தப் பரம்பரை அலகில் இருந்தது என்பது 2000ஆம் ஆண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 2005இல் வெளியான ஆய்வின்படி அந்தக் குடும்பக் கிளைகளில் 929 பேர் கணக்கிடப்பட்டிருந்தார்கள்.

போலின் படித்த பெண் அல்ல. அவரிடம் இருந்தது தன் குடும்பத்தில் இறந்தவர்களின் கணக்கு மட்டுமே. எமது சகோதரிகள் பலருக்கு அந்தக் கணக்குத்தான் இல்லை. அதனால்தான் இந்த விடயத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியுள்ளது.

ஆடைத் தொழிற்சாலையில் ஒரு செக்கர்

எமது உடல் கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. குடலின் உட்சுவரிலும் கருப்பையின் உட்சுவரிலும் உள்ள கலங்கள் விரைவாகத் தேய்ந்து, புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்கும். புதிய கலம் உண்டாகும் ஒவ்வொரு முறையும், உடலுக்கான கட்டளைகள் எல்லாம் அடங்கிய பரம்பரைப் பொருள் ஒரு பிரதி எடுக்கப்படுகிறது. அந்தக் கட்டளைகளின் ஒவ்வொரு பகுதியையும்தான் பரம்பரை அலகு என்கிறோம். மரபணு என்று எழுதுவோரும் உண்டு.

பிரதி எடுக்கும்போது எழுத்துப் பிழை வருவது இயல்பு. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும். லைனில் எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள் தைத்தாலும் ஒரு தையல் தவறும், ஒரு பட்டன் இடம் மாறும். அதைப் பிடிக்கத்தான் செக்கர் இருக்கிறார். உடலிலும் அப்படிப் பிழை பார்த்துத் திருத்தும் புரதங்கள் உண்டு. அவற்றை உண்டாக்கும் பரம்பரை அலகுகளில் முக்கியமானவை நான்கு: எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2. போலின் குடும்பத்தில் பழுதாகியிருந்தது இரண்டாவதாகச் சொன்ன எம்.எஸ்.எச்.2.

ஒவ்வொரு அலகும் எம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒன்று தாயிடமிருந்து, மற்றையது தந்தையிடமிருந்து வந்தது. ஒரு லைனுக்கு இரண்டு செக்கர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். லிஞ்ச் நோய்நிலை உள்ள குடும்பத்தில் பிறந்த சிலருக்கு அதில் ஒருவர் பிறப்பிலிருந்தே இல்லை. மற்றவர் இருக்கும்வரை வேலை பிழையின்றி நடக்கும்; ஆளுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் வாழ்நாளில் எங்கோ ஒரு கலத்தில் அந்த இரண்டாவது செக்கரும் இல்லாமற் போனால், அந்தக் கலத்தின் வழிவரும் கலங்களில் பிழைகள் குவியத் தொடங்கும். அவற்றில் ஏதாவது ஒரு பிழை கலத்தை அடங்காமல் பெருகச் செய்யும்போது புற்று உண்டாகிறது. மற்றவர்களுக்கு இரண்டு செக்கரும் போக வேண்டும். இவர்களுக்கு ஒருவர் போனாலே போதும். பொதுவாக முதுமையில் வரும் குடற்புற்றுநோய் இவர்களுக்கு நாற்பதுகளிலேயே, சிலவேளை அதற்கும் முன்னரே வருவது இதனால்தான்.

பழுதான பிரதி ஒரு பிள்ளைக்குப் போகும் சாத்தியம் சரிபாதி. ஆணா பெண்ணா, மூத்ததா இளையதா என்ற பேதம் இதில் இல்லை. தகப்பன் வழியாலும் வரும் என்பதை எம்மவர் பலர் நம்புவதில்லை. கருப்பைப் புற்று பெண்களின் நோய்தானே, அது அப்பாவின் பக்கத்தால் எப்படி வரும் என்று கேட்பார்கள். அப்பாவுக்குக் கருப்பை இல்லை, ஆனால் அந்தப் பழுதான அலகு அவரிடம் இருக்கலாம். அப்பம்மாவின் நோய் அவர் மூலம் பேத்திக்கு வரலாம்.

பழுதான அலகைப் பெற்ற எல்லோருக்கும் புற்று வருவதில்லை. முதல் இரண்டு அலகுகளில் பழுது உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஆயுட்காலத்தில் குடற்புற்று வருகிறது. அந்தப் பெண்களுக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்று வருவதும் ஏறக்குறைய அதே அளவுதான். பி.எம்.எஸ்.2இல் பழுது என்றால் ஆபத்து மிகக் குறைவு. சூலகம், இரைப்பை, சிறுகுடல், சிறுநீர்க்குழாய் ஆகியவற்றிலும் வருவதுண்டு. போலினின் குடும்பத்தில் முந்திய தலைமுறைகளில் இரைப்பைப் புற்றுக் கூடுதலாக இருந்தது. பின்னைய தலைமுறைகளில் குடற்புற்றுத்தான் கூடியது. அலகு அதேதான், வாழ்க்கை முறை மாறியிருந்தது. ஆகவே பரம்பரை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குடற்புற்றுநோய் வருபவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவிலேயே லிஞ்ச் நோய்நிலை காணப்படுகிறது. இளவயதிலேயே குடலில் நூற்றுக்கணக்கான சதை முளைகளை உண்டாக்கும் வேறொரு பரம்பரை நோயும் உண்டு; அது இதைவிட அரிது. இவை தவிர, ஒவ்வொன்றும் மிகச் சிறிதளவு மட்டும் ஆபத்தைக் கூட்டும் நுண்ணிய வேறுபாடுகள் இருநூறுக்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. அவை எம் எல்லோரிடமும் கூடக்குறைய இருக்கின்றன. எனவே குடும்பத்தில் முதியவர் ஒருவருக்குக் குடற்புற்று வந்துவிட்டது என்று எல்லோரும் பீதியடையத் தேவையில்லை. ஆயினும் தாய், தகப்பன், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு வந்திருந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதை மறக்கக் கூடாது.

யுத்தம் மறைத்த கணக்கு

எந்தக் குடும்பத்தைச் சந்தேகிப்பது என்று வைத்தியர்கள் 1990களின் தொடக்கத்தில் ஒரு சுலபமான கணக்கு வகுத்தார்கள். மூன்று, இரண்டு, ஒன்று. நெருங்கிய உறவினர் மூவருக்கு நோய். அது இரண்டு தலைமுறைகளில். அவர்களில் ஒருவருக்காவது 50 வயதுக்கு முன்னர். முதலில் குடற்புற்றை மட்டும் கணக்கிட்டார்கள். 1999இல் கருப்பைப் புற்று முதலியவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். பெண்களின் நோயை எட்டு ஒன்பது வருடங்கள் கழித்துத்தான் சேர்த்தார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. போலினே கருப்பைப் புற்றில்தான் இறந்தார்.

இந்தக் கணக்கு, மனிதர்கள் வீட்டில் இருந்து வயது போய் இறக்கும் ஊர்களுக்குப் பொருந்தும். எமது வீடுகளை எண்ணிப்பாருங்கள். 44 வயதில் குடற்புற்று வந்த ஒரு தாயிடம் வைத்தியர் கேட்கிறார்: "உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த வருத்தம் வந்ததா?" அவர் "இல்லை" என்கிறார். பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய மூத்த அண்ணன் 22 வயதில் ஷெல் விழுந்து இறந்தவர். அடுத்தவர் 2009இல் காணாமற் போனவர். அக்கா 19 வயதில் இயக்கத்துக்குப் போனவர், திரும்பி வரவில்லை. தகப்பன் 1995 இடம்பெயர்வின்போது வழியில் வயிற்று நோவு என்று படுத்து, வைத்தியம் கிடைக்காமல் இறந்தவர். என்ன நோவு என்று யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு குடும்பத்தில் மூன்று பேரை எண்ண முடியாது. அந்த அலகு அவர்களிடம் இருந்ததா இல்லையா என்று காட்டும் வயது வரை அவர்கள் வாழ விடப்படவில்லை.

ஆகவே வைத்தியரிடம் "இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "இரண்டு அண்ணன்மாரும் அக்காவும் யுத்தத்தில் இளவயதிலேயே போய்விட்டார்கள், அப்பா வயிற்று நோவில் இறந்தார், காரணம் தெரியாது" என்று முழுவதையும் சொல்லுங்கள். இந்த இரண்டு பதில்களும் ஒன்றல்ல. எமது குடும்பங்களைப் பொறுத்தவரை, 50 வயதுக்கு முன்னர் ஒரேயொருவருக்குக் குடலிலோ கருப்பையின் உட்சுவரிலோ புற்று வந்திருந்தாலே பரம்பரை பற்றி வைத்தியரிடம் கேட்பது நியாயம். ஒரே ஆளுக்கு இரண்டு இடங்களில் வந்திருந்தாலும் அப்படித்தான்.

பெற்றாரையே தெரியாமல் சிறுவர் இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளும் எம்மிடையே உண்டு. அவர்களுக்கும் வழி இருக்கிறது. புற்றுக் கட்டியை வெட்டி எடுத்தபின், முன்பு சொன்ன நான்கு புரதங்களும் அதில் உள்ளனவா என்று சாயமிட்டுப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. அதற்குக் குடும்பக் கதை தேவையில்லை. ஏதாவது ஒன்று இல்லாவிட்டால் பரம்பரைப் பழுதா என்று மேலும் தேடலாம். வெட்டிய இழையத்தை ஆய்வுகூடங்கள் மெழுகில் பதித்து வருடக்கணக்கில் வைத்திருப்பது வழக்கம் என்பதால், முன்னர் சத்திரசிகிச்சை செய்தவர்களும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். பயொப்சி அறிக்கையை ஒருபோதும் எறியாதீர்கள்.

தெரிந்து என்ன பயன்?

வரப்போவது வரட்டும், தெரிந்து ஏன் வேதனைப்படுவான் என்று பலர் கேட்கிறார்கள். எத்தனையோ இழப்புக்களைக் கண்டவர்கள் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் இந்த நோயைப் பொறுத்தவரை, தெரிந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

குடற்புற்று பெரும்பாலும் ஒரு சிறிய சதை முளையாகத் தொடங்குகிறது. மலவாசல் வழியாகக் கமரா பொருத்திய வளையும் குழாயைச் செலுத்தி, பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் கொலனொஸ்கோபி பரிசோதனையில் அந்த முளையைக் கண்டு அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். புற்று உண்டாகும் முன்னரே தடுத்தாயிற்று. பின்லாந்து நாட்டில் 22 லிஞ்ச் குடும்பங்களை 15 வருடங்கள் அவதானித்தார்கள். மூன்று வருடங்களுக்கு ஒருமுறை குடலைப் பரிசோதித்துக்கொண்ட 133 பேரில் 8 பேருக்கு மட்டுமே குடற்புற்று வந்தது. அதனால் ஒருவரும் இறக்கவில்லை. பரிசோதனைக்குப் போகாத 119 பேரில் 19 பேருக்கு வந்தது. 9 பேர் இறந்தார்கள். இது 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு. இப்போது ஆபத்துக் கூடிய இரு அலகுகளிலும் பழுது உள்ளவர்களுக்கு 20 - 25 வயதிலிருந்தே ஒன்று அல்லது இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள்.

பரிசோதனைக்கு முதல்நாள் குடலைக் கழுவும் மருந்தைக் குடித்து வயிற்றைச் சுத்தமாக்க வேண்டும். அதுதான் உண்மையில் கஷ்டமான பகுதி. பரிசோதனையின்போது மயக்கமூட்டும் மருந்து கொடுப்பார்கள். வெட்கம் என்று பின்வாங்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லலாம்: பெண் தாதி ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

கருப்பைக்கு இப்படி உறுதியான கண்காணிப்பு முறை இன்னும் இல்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் பெண்கள் கிளினிக்கில் செய்யும் பப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கானது. அதைத் தவறாமல் செய்ய வேண்டும். ஆனால் அது சரி என்று வந்தால் கருப்பையின் உட்சுவரும் சரி என்று பொருள் அல்ல. பிள்ளைப்பேறு முடிந்த லிஞ்ச் குடும்பத்துப் பெண்களுக்குக் கருப்பையையும் சூலகங்களையும் அகற்றுவது ஒரு தெரிவு. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஆய்வில், அப்படி அகற்றிய 61 பெண்களில் ஒருவருக்கும் கருப்பைப் புற்று வரவில்லை; அகற்றாத 210 பேரில் 69 பேருக்கு வந்தது. பெரிய சத்திரசிகிச்சைதான், இளவயதிலேயே மாதவிடாய் நின்றுவிடும். கணவனோ மாமியாரோ முடிவு செய்யும் விடயம் அல்ல. அந்தப் பெண்ணே விளங்கி, ஆறுதலாக முடிவு செய்ய வேண்டியது.

அஸ்பிரின் குளிசை பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். லிஞ்ச் நோய்நிலை உள்ள 861 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்றில், சில வருடங்கள் அஸ்பிரின் எடுத்தவர்களில் பின்னாளில் குடற்புற்று வந்தோர் நூற்றுக்கு 9 பேர்; வெறுங்குளிசை எடுத்தவர்களில் 13 பேர். பிரித்தானியாவில் 2020 முதல் இதனைச் சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் கடையில் வாங்கி நீங்களாகப் போடத் தொடங்க வேண்டாம். இரைப்பையில் புண் உள்ளவர்களுக்கு இரத்தம் கசியும். டெங்குக் காலத்தில் அஸ்பிரின் உயிருக்கே ஆபத்து.

புற்று வந்துவிட்டாலும் இந்த அறிவு உதவும். பிழை திருத்தும் புரதம் இல்லாத கட்டிகளை உடலின் நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய மருந்துகள் நன்றாகக் கரைக்கின்றன என்பது 2015இலிருந்து தெரிந்த விடயம். மிகவும் விலை கூடிய மருந்துகள்தான்.

மூலவியாதி என்று விட்டுவிடாமல்

மலத்துடன் இரத்தம் போனால் எம்மவர்கள் முதலில் நினைப்பது மூலவியாதி. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் யாரும் பார்க்காமல் சொல்லும் மூலவியாதியை நம்ப வேண்டாம். மலம் போகும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருத்தல், காரணமின்றி மெலிதல், வயிற்று நோவு ஆகியவற்றையும் கவனியுங்கள். பெண்களுக்கு இரத்தம் குறைவு என்றால் "பெண்கள்தானே, சாப்பாடு காணாது" என்று இரும்புச்சத்துக் குளிசையைத் தந்து அனுப்புவது நடக்கிறது. முகாம் வாழ்க்கையில் அது உண்மையாகவும் இருந்தது. குளிசை எடுத்தும் இரத்தம் ஏறவில்லை என்றால் எங்கே கசிகிறது என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் கருப்பையைப் பரிசோதிக்க வேண்டும். குடலிலும் கருப்பையிலும் புற்று வந்த லிஞ்ச் குடும்பத்துப் பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குக் கருப்பை அல்லது சூலகப் புற்றே முதலில் வந்திருக்கிறது. குடலுக்கான எச்சரிக்கை அங்கிருந்து கிடைக்கிறது.

இதையெல்லாம் வெளியே சொன்னால் பெண்பிள்ளைகளுக்குக் கலியாணம் சரிவராது என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயம் பொய்யானதல்ல. புற்றுநோய் தொற்றாது என்று தெரிந்தவர்களே சம்பந்தம் பேசும்போது பின்வாங்குகிறார்கள். ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சகோதரங்களுக்குள்ளும் பிள்ளைகளுக்கும் மறைத்தால், தடுக்கக்கூடிய நோய்க்கு அவர்களைத் தெரியாமலே விட்டுக்கொடுத்ததாகிவிடும். மச்சான் மச்சாளைக் கட்டும் வழக்கமுள்ள குடும்பங்களில் இன்னுமொரு காரணம் உண்டு. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுது ஒரு பிள்ளைக்கு வந்தால், சிறுவயதிலேயே கடுமையான புற்றுநோய்கள் வரலாம். மிக அரிது, ஆனாலும் வைத்தியரிடம் பேசத்தக்கது.

ஒரு கொப்பி எடுத்து அம்மாவின் பக்கம், அப்பாவின் பக்கம் என்று இரண்டாகப் பிரித்து எழுதிவைத்தால் போதும். பெயர், பிறந்த வருடம், இறந்த வயது, என்ன வருத்தம், எந்த வைத்தியசாலை. நோயின் பெயர் தெரியாவிட்டால் கண்டதை எழுதுங்கள்: "வயிறு ஊதியிருந்தது", "இரத்தம் போனது", "மகரகமவில் கறண்ட் பிடித்தார்கள்". யுத்தத்தில் இறந்தவர்களையும் வயதுடன் எழுதுங்கள். ஊரில் மிஞ்சியிருக்கும் மூத்த மாமிமாரும் சின்னம்மாமாரும் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். போன பத்திரங்களும் கிளினிக் கொப்பிகளும் திரும்பி வரப்போவதில்லை; அவர்களின் நினைவில்தான் மிச்சம் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களையும் கேளுங்கள். கனடாவிலோ லண்டனிலோ குடற்புற்று வந்தவர்களின் கட்டியை இந்தப் பழுதுக்காகப் பரிசோதிப்பது இப்போது வழக்கமாகி வருகிறது. ரொறன்ரோவிலுள்ள பெரியப்பாவின் மகளுக்கு அப்படி ஒரு பழுது கண்டுபிடிக்கப்பட்டால், எந்த அலகு, அதில் எந்த இடத்தில் என்ன மாற்றம் என்று எழுதிய கடிதம் ஒன்று அவரிடம் இருக்கும். "வீட்டிலே சொல்லிப் பயப்படுத்த வேண்டாம்" என்று அவர் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கக்கூடும். அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் குறியீடு கையில் இருந்தால், இங்குள்ள உறவினருக்கு எல்லா அலகுகளையும் தேட வேண்டியதில்லை. அந்த ஓர் இடத்தை மட்டும் இரத்தத்தில் பார்த்தால் போதும். செலவு பலமடங்கு குறையும், பதிலும் ஐயமின்றி வரும். கடிதத்தின் பிரதியுடன் கிளினிக்கில் உங்கள் வைத்தியரைக் கண்டு, கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு போன்ற இடத்துக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள்.